எட்டு எம்.எம். பாயும் நூலகத்துத் தொலைநோக்கியும்

கண்ணை மட்டுமே மூலதனமாக வைத்து நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் போடிநாயக்கனூர் எட்டு எம்.எம். பாய். இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லுவேன். யாராவது மறுத்தால் மைக்கை விடமாட்டேன்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். நான் போடியில் கிளை நூலகராக இருந்தபோது உறுப்பினர் படிவத்தில் அவரே எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவர் தெருவில் விசாரித்தால், அவர் வீட்டு அம்மாவே கதவைப் பாதி திறந்து, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஊருக்கு அவர் எட்டு எம்.எம். தான்.

ஏலக்காய்க்குத் தரம் பார்ப்பது அவர் தொழில். காய் எட்டு மில்லிமீட்டருக்கு மேலே இருந்தால் முதல் தரம், ஏழு இருந்தால் அடுத்த தரம், அதற்கும் கீழே போனால் பொடிசு. மற்றவர்கள் சல்லடை போட்டுச் சலித்துத்தான் சொல்வார்கள். பாய் உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளி, ஒரு உருட்டு உருட்டி, கண்ணை ஒரு தடவை சுருக்கிவிட்டுச் சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டவர்கள் சலித்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓட்டலில் இட்லி வந்தால் தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, "இது ரெண்டாந்தரம், மாத்திக் கொண்டா" என்பார். காய்கறிக் கடையில் வெண்டைக்காயைத் தரம் பிரித்து வைத்துவிட்டு வாங்காமல் போவார். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் பையனை ஏற இறங்கப் பார்த்து, "கலர் நல்லாயிருக்கு, சைஸ்தான் ஏழு தேறும்" என்று சொல்லி, சபையே உறைந்து போனதாகக் கேள்வி. அந்தப் பையன்தான் இன்றைக்கு அவர் மருமகன். மாமனாரைப் பார்த்தால் இப்போதும் குதிகாலை லேசாகத் தூக்கிக்கொண்டுதான் நிற்பார்.

உறுப்பினர் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பாய் 'பார்ப்பது' என்று எழுதியிருந்தார்.

"என்ன பார்ப்பதுன்னு எழுதணும் பாய்."

"எல்லாத்தையும்தான் தாயி."

நான் அப்படியே முத்திரை குத்திவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் எங்கள் நூலகத்துக்கு ஒரு தொலைநோக்கி வந்து சேர்ந்தது. ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டில் டாக்டராக இருக்கிறார், அவர் அன்பளிப்பு. மூன்று சாண் நீளத்தில் தடித்த சிவப்புக் குழாய், அடியில் சுழலுகிற பலகை. மேசைமேல் வைத்தே வானத்தைப் பார்க்கலாம். நான் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்த அன்றைக்கே மாவட்ட அலுவலகத்திலிருந்து எங்கள் மேலதிகாரி போன் செய்தார். கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றார்.

பீரோவுக்குள் இருக்கும் தொலைநோக்கியால் எதிரே உள்ள தினசரி மேசையைத்தான் பார்க்க முடியும். புத்தகத்தைப் போல இதையும் வீட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். நான்காவது கடிதத்தில் மனிதர் அலுத்துப் போனார்.

"ஒரே ஒரு ஆளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பாருங்க. முழுசாத் திரும்பி வந்தா எல்லாருக்கும் கொடுக்கலாம். ஒரு கீறல் விழுந்தாலும் பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியை எனக்கு அனுப்பிடுங்க. அதுக்கப்புறம் அந்த பீரோவைத் திறக்கிற பேச்சே கிடையாது."

ஆக, அந்த முதல் ஆள் எப்படி நடந்துகொள்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் போடியில் மற்ற எல்லாருக்கும் வானம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் நோட்டில் எழுதலாம் என்று அறிவிப்பு ஒட்டினேன். ஒரு பொறுப்பான கணித ஆசிரியை முதலில் வரவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். காலையில் கதவைத் திறந்ததும், தினசரியில் ஏலக்காய் விலை பார்க்க வழக்கம்போல முதல் ஆளாக நின்றவர் எட்டு எம்.எம். பாய். அறிவிப்பைப் படித்தார், பேனாவை எடுத்தார், எழுதினார். எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். கண் வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடிக் குமிழ்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் இருபத்தைந்து எம்.எம். என்றும் மற்றொன்றில் பத்து எம்.எம். என்றும் பொறித்திருந்தது. எம்.எம். என்ற எழுத்தைக் கண்டதும் பாய் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சொந்தக்காரரைப் பார்த்தமாதிரி.

"பத்துதான் பெருசாக் காட்டும் பாய். இருபத்தஞ்சு கொஞ்சம் சின்னதாத்தான் காட்டும்" என்றேன்.

"அதெப்படித் தாயி, பத்து போய் இருவத்தஞ்சை விடப் பெருசாக் காட்டும்? நாப்பது வருசமா இதே சோலிதான் பாக்குறேன்."

விளக்கப் புத்தகத்தைத் திறந்து படம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"இதை எழுதுனவரு ஏலக்காயைப் பார்த்திருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, பத்து எம்.எம்.மை என் மேசைமேல் வைத்தார். "இந்தப் பொடிசை நீங்களே வெச்சுக்கங்க. நமக்கு முதல் தரம் போதும்."

தொலைநோக்கி ஆட்டோவில் ஏறிப் போனது. பொடிசு என் மேசை இழுப்பறைக்குள் போனது.

முதல் நாள் சாயங்காலம் பாய் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தது வானத்தை அல்ல, மலையை. குரங்கணிப் பக்கத்துச் சரிவில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்களில் விறகு எரியும். எங்கே புகை வருகிறதோ அங்கே காய் வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பாய் அதைப் பார்த்துவிட்டு, சும்மா இருக்காமல் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை அவர் மாடியில் ஏலக்காய் வியாபாரிகள் வரிசை கட்டி நின்றார்கள். பாய் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மேலே காய்கிற ஏலக்காயின் நிறம் வரைக்கும் தெரிகிறது என்று பேச்சு பரவிவிட்டது.

இதில் ஒரு சங்கடம். வானத்தைப் பார்க்கச் செய்த தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்குத் தலையேது காலேது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. மலையைப் பார்த்தால் மரமெல்லாம் மேலேயிருந்து தொங்கும். ஒரு வியாபாரி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போய்விட்டார்.

"பாய், புகை கீழ போகுதே."

"ஆமா, கீழதான் போகுது" என்றார் பாய். அவருக்கும் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை.

புகை கீழே போனால் விலையும் கீழேதான் போகும் என்று அந்த வியாபாரி தனக்குத்தானே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, கையிருப்பை அவசரமாகத் தள்ளிவிட்டார். அடுத்த ஏலத்தில் விலை ஜம்மென்று ஏறியது. அவர் நேராக எங்கள் மேலதிகாரிக்குப் போன் போட்டு, நூலகத்தில் வேவு பார்க்கிற கருவியை வாடகைக்கு விடுகிறார்கள் என்று புகார் சொன்னார்.

வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. "திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நானே நேர்ல வர்றேன். தொலைநோக்கி உங்க மேசை மேல இருக்கணும்."

அன்றைக்கு மாலையே பாய் வீட்டுக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். இப்போதே எடுத்துக் கொடுங்கள், உங்களால் என் பெயரும் கெட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகப் போகிறது என்று படபடவென்று கொட்டினேன். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் வீட்டு அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடித்த பிறகு பாய் மேற்கே கையை நீட்டினார்.

"தாயி, எனக்கு அறுவத்திரண்டு வயசு. மாசாமாசம் பிறை பாக்குறவன். ஆனா மொதப் பிறையை இந்த ஊர்ல இருந்து நான் பார்த்ததே கெடையாது. அது நூல் மாதிரி இருக்குமாம். இருட்டுறதுக்குள்ள இந்த மலை முழுங்கிருது. நமக்கு வர்றதெல்லாம் ரெண்டாம் பிறைதான். எனக்கு இது எதுக்குன்னு நெனச்சீங்க? மலையில புகை பாக்கவா? ஞாயித்துக்கிழமை மொதப் பிறை. போடிமெட்டுக்கு மேல போயிட்டா மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பார்த்துட்டு வெரசா இறங்கிருவேன். திங்கக்கிழமை பத்து மணிக்குக் கொண்டாந்துர்றேன்."

பார்ப்பதையே தொழிலாக எழுதிக் கொடுத்த மனிதருக்கு, பார்க்காமல் போனது ஒன்று இருக்கிறது. நான் என்ன செய்ய? சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணி ஆனது. பாய் வரவில்லை. பத்தேகால். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சிவப்புக் குழாய் உருண்டு பள்ளத்தில் விழுவதாகத் தோன்றியது. நியாயமாகப் பார்த்தால் பாயைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டும். அந்த வெட்கம் பத்தரைக்கு வந்தது.

பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற மேலதிகாரி பத்தே முக்காலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். எப்போதும் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"எங்க?"

நான் இழுப்பறையைத் திறந்து பத்து எம்.எம். குமிழை எடுத்துக் கைக்குட்டைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"தொலைநோக்கி சார்."

"இதுவா?"

"அதுல ஒரு பகுதி சார்."

"மிச்சம்?"

"மலையிலேருந்து இறங்கிட்டிருக்கு சார்."

அவர் ஃபைலைத் திறந்தார். அந்த நேரத்தில் பாய் வந்து நின்றார். சட்டையெல்லாம் கசங்கி, இரண்டு கையும் வெறுங்கை.

"தாயி, பத்திரமா வந்திருச்சு. ஒரு கீறல் இல்ல."

"எங்க பாய்?"

"அதைத்தான் தேடணும்."

நடந்தது இதுதான். ராத்திரி மலையில் பனி இறங்கி அட்டைப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது. வளைவுகளில் குலுங்குமே என்று பயந்து, தெரிந்த தோட்டத்து ஸ்டோரில் ஒரு சாக்கு வாங்கி, தொலைநோக்கியை பாலித்தீனில் சுற்றி நடுவில் வைத்து, சுற்றிலும் ஏலக்காயைக் கொட்டி, வாயைத் தைத்துவிட்டார். ஏலக்காயை விடப் பதமான மெத்தை உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. காலையில் லோடு ஜீப்பில் சாக்குக்கு இடம் இருந்தது, பாய்க்கு இடம் இல்லை. சாக்கு ஜீப்பில் வந்தது, பாய் பஸ்சில் வந்தார். பஸ்சு நடுவழியில் நின்று நின்று வந்து சேர்வதற்குள், ஜீப்புக்காரர் மற்ற மூட்டைகளோடு அதையும் ஏலத்துக்குப் போகிற சரக்கை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

"அடையாளம் ஏதாவது போட்டீங்களா?" என்று மேலதிகாரி கேட்டார்.

பாய்க்கு முகம் சுண்டிப் போனது. "நான் பார்த்தாத் தெரியாதான்னு நெனச்சேன் சார்."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் கிட்டங்கிக்குப் போனோம். மேலதிகாரி நடுவில், ஃபைல் அவர் மடியில். பொடிசு என் கைப்பைக்குள்.

கிட்டங்கியில் அறுபது மூட்டைக்குக் குறையாமல் அடுக்கியிருந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே தையல், ஒரே உயரம். பிரித்துப் பாருங்கள் என்றார் மேலதிகாரி. அங்கே இருந்த மேஸ்திரி சிரிக்கக்கூட இல்லை.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தோட்டத்துக்காரரோடது சார். ஏலத்துக்கு முன்னாடி வாயைப் பிரிச்சா அவ்வளவுதான், நான் ஊருல இருக்க முடியாது. மத்தியானம் லாரி வருது, எல்லாம் ஏறிடும்."

மணி பதினொன்றரை. லாரி ஏறினால் எங்கள் தொலைநோக்கி எந்த ஊருக்குப் போகுமோ, எந்தக் கொக்கியில் குத்துப்படுமோ. மேலதிகாரி என்னைப் பார்த்தார். பீரோச் சாவியைக் கேட்கிற பார்வை அது.

பாய் மூட்டைகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பார்த்தார். மறுபடி சுற்றினார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் மூட்டைமேல் கையை வைத்து, கட்டைவிரலால் சாக்கோடு சேர்த்து அழுத்தி உருட்டினார்.

"எட்டு."

அடுத்தது. "எட்டு." அடுத்தது. "ஏழு." அடுத்தது. "எட்டு, கொஞ்சம் ஈரம்."

மேஸ்திரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பாய் குனிந்து குனிந்து, கீழ் அடுக்குக்கு உட்கார்ந்து, மேல் அடுக்குக்கு எக்கி, விரலாலேயே படித்துக்கொண்டு போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். நாற்பதாவது மூட்டையோ என்னவோ, விரல் நின்றது.

"அஞ்சு" என்றார். கண்ணைத் திறந்தார். "இதுதான் தாயி. பொடிசுதான் சந்து சந்தாப் போயி அடைக்கும், ஆட்டம் இருக்காதுன்னு சல்லடைக்குக் கீழ விழுந்ததாப் பார்த்துக் கொட்டுனேன். அஞ்சை எவனும் தனி மூட்டையா ஏலத்துக்கு அனுப்ப மாட்டான்."

தையலைப் பிரித்தோம். பாய் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, சிவப்புக் குழாயை அடிப்பலகையோடு மெதுவாக வெளியே எடுத்தார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. ஏலக்காய் வாசம் மட்டும் இருந்தது. எனக்கு அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தும்விட்டேன். அரசு ஊழியர் கிட்டங்கியில் மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வது விதிகளுக்கு உட்பட்டதா என்று மேலதிகாரி சொல்லவில்லை.

"வேலை செய்யுதான்னு பார்க்கணும்" என்றார்.

கிட்டங்கி வாசலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். நான் கைப்பையிலிருந்து பத்து எம்.எம்.மை எடுத்துப் பொருத்தி, மலைப்பக்கம் திருப்பினேன். மேலதிகாரி ஃபைலை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். அடுத்தது பாய் பார்த்தார். பார்த்துவிட்டு, பொடிசைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டினார்.

"பெருசாத்தான் காட்டுது" என்றார் மெதுவாக.

மேலதிகாரிக்குக் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "நேத்து என்ன பார்த்தீங்க பாய்? பிறை எப்படி இருந்தது?"

"நான் பார்க்கல சார்."

"ஏன், மேகமா?"

"இல்ல சார், நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. நான் குழாயைத் திருப்பி வெச்சு நிமிர்ந்தேன், லயத்து வீடுகள்ல இருக்குற தோட்டத்து ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. ஒரு பொம்பளை இடுப்புல பிள்ளையோட, 'ஒந்நு நோக்கட்டே பாய்'னு, ஒரு தடவை பார்த்துக்கிறேன்னு மலையாளத்துல கேட்டுக்கிட்டு நின்னுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அதுக்குப் பின்னால அதோட மாமியா, அப்புறம் காய் எடுக்குற பொம்பளைங்க, ஜீப்பு டிரைவரு. பார்த்தவங்க எல்லாம் பேசாம ஒதுங்கிப் போயி நின்னுக்கிட்டாங்க. கடைசியா நான் கண்ணை வெச்சேன். இறங்கிருச்சு."

குறையாகச் சொல்லவில்லை அவர். எட்டு, ஏழு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். மேஸ்திரி ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். மேலதிகாரி அதைத் திறந்து, வியாபாரியின் புகாரை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுத்த பேரு யாருன்னு பார்த்துக் கொடுத்துருங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். "பெட்டி மட்டும் புதுசா ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கங்க. சாக்கு வேண்டாம்."

பீரோவின் சாவி இன்றைக்கும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வந்த நிம்மதியில் எங்கோ வைத்துவிட்டேன். நல்ல தூக்கம் வந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. தொலைநோக்கி வீடு வீடாகப் போனது, பக்கத்து ஊரான தேவாரம் வரைக்கும் போனது, ஒவ்வொரு வாரமும் ஏலக்காய் வாசத்தோடு திரும்பி வந்தது.

ஒருமுறை எடுத்தவர் மறுபடி எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்பது விதி. பாய் விதியை மீறிக் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அடுத்த மாதம் முதல் பிறை வருகிற வாரத்துக்கு நான் என் சொந்த உறுப்பினர் அட்டையில் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் நானும், பாயும் அவர் வீட்டு அம்மாவும் ஒரு ஜீப்பு பிடித்து மேலே போனோம். சூரியன் இறங்கும்போதே லயத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை நான் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பாய் முதல்ல என்றேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பாய் குனிந்து கண்ணை வைத்தார். ஒரு நொடியில் தரம் சொல்லிவிடுகிற மனிதர் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் மட்டும் லேசாக ஆடியது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் தன் பிள்ளையின் வாயை மெதுவாகப் பொத்தினாள். பிறை அந்தப் பக்கத்து மலைக்குள் இறங்கி முடியும்வரை யாரும் அவரைத் தொடவில்லை, அவசரப்படுத்தவில்லை.

எனக்கு அன்றைக்கு முறை வரவே இல்லை. அதில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் கிடையாது.